கம்பியின் வயது

பிளவக்கல் அணைக்குக் கீழே ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் கிடாரில் மூன்றாம் கம்பிதான் முதலில் சாகும். சுற்றுக்கம்பிகள் நான்கில் அதுவே ஒல்லி. உள்ளே ஓடும் எஃகு இழையும் மெலிசு, மேலே சுற்றிய செம்புக் கலவையும் மெலிசு. பிளவக்கல்லின் பெரியாறு அணையும் கோவிலாறு அணையும் நிரம்பி நிற்கும் நாட்களில் மலையடிவாரக் காற்றிலேயே ஈரம் ஊறியிருக்கும். சுவரில் மாட்டிய கிடாரைச் சில நாள் தொடாமல் விட்டு எடுத்தால் விரலுக்கடியில் ஒரே சொரசொரப்பு. விரல் நுனியில் கறுப்பும் பச்சையுமாக ஒட்டும். சித்திரையில் வேறு தொல்லை. மழை போய் வியர்வை வரும். அம்மன் கோயில் பொங்கல் மேடைகளில் விளக்குச் சூட்டுக்கடியில் மணிக்கணக்காக வாசிக்கும் மெல்லிசைக் குழுக்காரரின் கம்பி அன்றிரவே பாதி உயிரை விட்டுவிடும்.

அதனால் இந்தப் பக்கத்தில் கிடார் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கம்பியில் வந்து நிற்கும். அணைக்குப் பக்கத்துக் கூமாப்பட்டி 2025-இல் கைபேசித் திரைகள் வழியாகத் திடீர்ப் புகழ் அடைந்த பிறகு அணை பார்க்க வரும் பையன்களில் சிலர் முதுகில் கிடாரோடு வருகிறார்கள். அவர்கள் கேட்பதும் அதே கேள்விதான். நல்லாக் கேட்கிற கம்பி எது, ரொம்ப நாள் வருகிற கம்பி எது? இரண்டும் சேர்ந்து வராது என்பது கடைக்காரர் முதல் யூடியூப் ஆசிரியர் வரை எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்தி. நாதம் வேண்டுமா, ஆயுளைக் கொடு. ஆயுள் வேண்டுமா, நாதத்தில் கொஞ்சம் விட்டுக்கொடு. எனக்கு இந்தக் கணக்கின்மேல் நெடுநாளாகச் சந்தேகம். புதுக் கம்பியின் முதல் நாள் மினுக்கத்தையே நாதம் என்று எடுத்துக்கொண்டதால் வந்த கணக்கு இது.

நரம்பைச் சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆள் என்று நம் இலக்கியத்தில் தேடினால் சீவக சிந்தாமணியின் சீவகன் கிடைக்கிறான். காந்தருவதத்தையோடு யாழ்ப் போட்டிக்கு வந்து உட்கார்ந்தவனிடம் ஒவ்வொரு யாழாக நீட்டுகிறார்கள். ஒன்றின் மரம் நீரில் கிடந்து ஊறியது, ஒன்றின் மரம் வெந்தது என்று தள்ளிக்கொண்டே போகிறான். நரம்பில் மயிர் கிடக்கிறது என்று எடுத்துக் காட்டுகிறான். திருத்தக்கதேவர் அந்த இடத்தில் அவசரமே படவில்லை. வாசிப்புக்கு முன்னால் இந்தத் தேர்வே ஒரு வித்தை என்பதுபோல் நிதானமாகப் போகிறார். யாழ் நரம்புக்கு நான்கு குற்றங்களைப் பழைய இசைமரபு வகுத்து வைத்திருக்கிறது: கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு. எளிமையாகச் சொன்னால், புரி ஒழுங்காக விழாமல் கோணிப்போவது, இழைக்குள் மயிர் சேர்ந்துவிடுவது, தும்பு எழுந்து நிற்பது, முறுக்கு மிஞ்சிப்போவது.

இந்த நான்கில் ஒன்றுகூட இனிமையைப் பற்றிப் பேசவில்லை. நீடித்து உழைப்பதைப் பற்றியும் பேசவில்லை. நான்குமே ஒரே விஷயத்தைத்தான் வெவ்வேறு பக்கத்திலிருந்து பார்க்கின்றன: இழை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே சீராக இருக்கிறதா?

ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருப்பவரிடம் இந்த நான்கையும் சொல்லிப் பாருங்கள். தன் வேலையைத்தான் யாரோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பார். அங்கே நூலைக் கறுப்புப் பலகையில் இடைவெளி விட்டுச் சுற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். தடித்த இடம் சிலப், முடிச்சுப்போல் நிற்பது நெப்ஸ். ஓர் அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு என்பதற்கு ஒரு கருவி, நூலின் மேல் எழுந்து நிற்கும் மயிருக்கென்று தனியாக ஓர் அளவு. யாழ் நரம்பு ஆட்டுக்குடலோ வேறெதுவோ, பஞ்சுநூல் பஞ்சுநூல்தான். ஆனால் முறுக்கி எடுத்த எதுவும் எந்த இடத்தில் கெடும் என்பது மாறவில்லை.

கிடார்க் கம்பிக்கு வரும் ராஜபாளையத்துக்காரர்கள் ஒரு விஷயத்தில் குழம்புவார்கள். நூலில் நம்பர் ஏற ஏற நூல் மெலியும். நாற்பதாம் நம்பர் நூல் என்றால், 840 கெஜச் சிட்டம் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு எடை. அறுபது என்றால் இன்னும் மெலிசு. கிடார்க் கம்பியில் தலைகீழ். நம்பர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிக்கும். பன்னிரண்டு என்றால் 0.012 அங்குலம், ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். ஒன்றாம் கம்பி பத்தாம் நம்பராக உள்ள செட் விரலுக்கு இதம். பன்னிரண்டு இறுக்கம், ஒலியில் கனம். மில்லில் வேலை பார்த்துக்கொண்டே கிடார் பழகும் பையனுக்கு முதல் மாதம் இந்த நம்பர்கள் புத்தியில் ஏறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கம்பியின் சுருதியை மூன்று சங்கதிகள் முடிவு செய்கின்றன: நீளம், இறுக்கம், ஒரு முழத்துக்கு இவ்வளவு என்னும் எடை. பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1636-இல் இதைச் சூத்திரமாக எழுதி வைத்தார். காரைதீவில் பிறந்து அறிவியல் ஆசிரியராக இருந்த விபுலானந்த அடிகள் 1947-இல் வெளிவந்த யாழ் நூலில் பழந்தமிழ் இசையைக் கணக்கு வழியாகவே அணுகினார். அந்த மூன்று சங்கதிகளில் நமக்கு இங்கே வேண்டியது மூன்றாவது, எடை. மந்தரத்துக்குக் கனமான கம்பி வேண்டும். ஆனால் எஃகையே தடிப்பாக்கினால் அது கம்பியாக இராது, கழியாகிவிடும். வளைய மறுக்கும், மேல் சுரங்கள் எல்லாம் இடம் பெயர்ந்து நிற்கும். அதனால்தான் மெல்லிய எஃகு இழையின் மேல் செம்புக் கலவைக் கம்பியை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். எடை கூடும், விறைப்பு கூடாது. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் குடல் நரம்பின்மேல் உலோகம் சுற்றத் தொடங்கியதும் இந்தக் காரணத்துக்குத்தான்.

கம்பியில் ஓர் இடம் கனமாகவும் ஓர் இடம் மெலிதாகவும் இருந்தால் அதன் இரண்டு பாதிகள் ஒரே சுருதியில் அதிராது. கிடாரில் 12-ஆவது ஃபிரெட்டுக்கு நேர்மேலே விரலை லேசாகத் தொட்டு மீட்டுங்கள், மணிபோல் ஓர் ஒலி வரும். அடுத்து அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மற்ற ஐந்து கம்பியும் ஒத்துப்போய் ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால், பழி கிடாரின்மேல் இல்லை. அந்தக் கம்பி பொய். 16-ஆம் நூற்றாண்டு லூட் கையேடுகள் இதற்கு இன்னும் அழகான சோதனை ஒன்று சொல்கின்றன. நரம்பை இரண்டு கைக்கும் இடையே இழுத்துப் பிடித்து மீட்டினால், அதிர்வில் தெளிவாக இரண்டு கோடு தெரிந்தால் நல்ல நரம்பு. கோடுகள் கலங்கி மூன்று நான்காகத் தெரிந்தால் தூக்கிப் போடு. சீவகன் அதை ஒப்புக்கொண்டிருப்பான்.

கம்பி எப்படிச் சாகிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வாசிக்க வாசிக்க விரலின் வியர்வையும் எண்ணெயும் தோல்பொடியும் சுற்றுக்கு நடுவே போய் அடைகின்றன. நாம் அடிக்கடி அழுத்தும் முதல் நான்கைந்து ஃபிரெட்டுகளில் அடைப்பு அதிகம், மேலே குறைவு. கம்பிக்கு அடியில் ஒவ்வொரு ஃபிரெட்டும் ஒரு பள்ளம் போடும். கழற்றித் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் வரிசையாகத் தெரியும். துரு ஓர் இடத்தில் தின்கிறது, ஓர் இடத்தை விடுகிறது. அதாவது, தொழிற்சாலையில் பார்த்துப் பார்த்து ஒரே சீராகச் செய்த கம்பி நம் கையில் மறுபடி சீர்கெடுகிறது. தும்பும் மயிரும் திரும்பி வந்துவிட்டன என்றே சொல்லலாம். நாதமும் ஆயுளும் எதிரெதிர் என்பதை நான் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். கம்பியின் நாதம் அதன் சீர். அந்தச் சீர் எத்தனை நாள் நிற்கிறதோ அதுவே ஆயுள். இரண்டு பொருளுக்கு இரண்டு விலை கொடுக்க வேண்டியதில்லை.

மினுக்கம் வேறு. புதுக் கம்பியில் முதல் சில மணி நேரம் கேட்கும் அந்தக் கண்ணாடிச் சத்தம், மேல்சுரங்கள் தடையில்லாமல் எழும்புவதால் வருவது. சுற்றுக்குள் கொஞ்சம் அழுக்கு சேர்ந்தாலே முதலில் போவது அதுதான். அதைப் பிடித்து வைக்கத்தான் இத்தனை விளம்பரமும்.

கடையில் இரண்டு வகைதான் அதிகம் தொங்கும்: எய்ட்டி-ட்வென்டி பிரான்ஸ், பாஸ்பர் பிரான்ஸ். பெயரில் இரண்டும் வெண்கலம். உள்ளே பார்த்தால் எய்ட்டி-ட்வென்டி 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை என்று நம் பாத்திரக்கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். பாஸ்பர் பிரான்ஸில் 92 பங்கு செம்பு, 8 பங்கு வெள்ளீயம், துளி பாஸ்பரஸ். அதுதான் உண்மையில் வெண்கல வகை. நிறத்திலேயே தெரியும். பித்தளை மஞ்சள், இது செம்மை தட்டும். பாஸ்பர் பிரான்ஸைக் கிடாருக்குக் கொண்டுவந்தவர்கள் நியூயார்க் டாடாரியோ குடும்பத்தாரும் கிடார் செய்யும் ஜேம்ஸ் டாக்விஸ்டோவும், ஆண்டு 1974. அதுவரை பல பத்தாண்டுகளாகப் பித்தளைதான் வெண்கலம் என்ற பேரில் ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் பித்தளைக் கம்பி சீக்கிரம் மங்குகிறது என்பதற்கு வேதியியல் புத்தகம் வேண்டாம், பழைய அடுக்களை போதும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் மோரோ புளிக்கரைசலோ வைத்தால் களிம்பு ஏறும் என்று நம் பாட்டிமார் தொடவே விடமாட்டார்கள். வியர்வை உப்பும் புளிப்புமான நீர். அது பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மெல்ல உருவிக்கொண்டு போகும்; பிறகு செம்பு பச்சை பிடிக்கும். வெள்ளீயம் சேர்ந்த கலவை அவ்வளவு சீக்கிரம் மசியாது. பித்தளைக்கு முதல் நாள் கூர்மை அதிகம், மூன்றாம் வாரம் மூப்பு. பாஸ்பர் பிரான்ஸ் கொஞ்சம் அடங்கித் தொடங்கும், அதே இடத்தில் நெடுநாள் நிற்கும். கம்பியின் நடுவயது நீளமாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் எனக்கு இரண்டாவதே சரி. இது ருசி சம்பந்தப்பட்டது என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும்.

ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு வேறொரு நினைவு வரும். சத்திரப்பட்டியில் தறிகளில் ஓடுவது பெரும்பாலும் கட்டுத்துணி, மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி. ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராமராஜு சர்ஜிக்கல் காட்டன் மில்ஸ் 1939-இல் பிறந்தது. அந்த வருஷந்தான் இரண்டாம் உலகப் போரும் தொடங்கியது. கட்டுத்துணிக்கும் கிடாருக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். அதுவரை கிளாசிக்கல் கிடாருக்குப் போட்டுக்கொண்டிருந்தது ஆட்டுக்குடலில் முறுக்கிய நரம்பு. அறுவை மருத்துவர்கள் காயம் தைப்பதும் அதே நரம்பால்தான். போரில் காயங்கள் பெருகவே நரம்பெல்லாம் தையலுக்குப் போயிற்று. கிடார்க்காரர்கள் கைவிரித்து நின்றார்கள். அப்போது நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கிடார்க் கைவினைஞர் புதிதாக வந்திருந்த நைலான் இழையை எடுத்துக் கம்பியாக்கிப் பார்த்தார். கிடார் மேதை செகோவியா அதை ஏற்றுக்கொண்டார். சில ஆண்டுகளில் உலகம் முழுவதும் குடல் நரம்பு போய் நைலான் வந்துவிட்டது.

குடல் நரம்புக்கு ஒரு குணம் உண்டு. காயத்துக்குள் வைத்துத் தைத்தால் உடம்பே அதைக் கரைத்துவிடும், பிரிக்க வேண்டியதில்லை. தையலுக்கு அது வரம். கிடாரில் அதே குணம் சாபம். ஈரத்தில் ஊறும், சுருதி இறங்கும், இழை இழையாகப் பிரியும். நைலான் அந்த அளவுக்கு ஊறாது, துருப்பிடிக்காது. நம் ஊர் ஐப்பசிக்கு ஏற்ற கம்பி என்று சொன்னால் அதுதான். ஆனால் அதற்கென்று செய்த கிடாரில் போட வேண்டும். கிளாசிக்கல் கிடாரில் எஃகுக் கம்பி ஏற்றிப் பாலம் பெயர்ந்து வந்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. பன்னிரண்டாம் நம்பர் செட் முழுவதும் சுருதியேறி நின்றால் மொத்த இழுவிசை 70 கிலோவுக்கு மேல். ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் பலகையின்மேல் வளர்ந்த ஆள் ஒருவர் ஏறி நிற்பதுபோல. மார்ட்டின் நிறுவனம் எஃகுக் கம்பிக்கென்றே வலுக்கூட்டிய கிடார்களைச் செய்து விற்கத் தொடங்கியது 1922-இல்தான்.

மருத்துவமும் கிடாரும் அதோடு பிரியவில்லை. 1990-களில் கோர் என்ற அமெரிக்க நிறுவனம் எலிக்சர் என்ற பெயரில் பூச்சுக் கம்பியைக் கொண்டுவந்தது. டெஃப்லானை இழுத்து நுண்துளைப் படலமாக்கும் வித்தை அவர்களுடையது. அதே பொருளில் மழைச்சட்டை செய்தார்கள். அதே பொருளில் செயற்கை ரத்தக்குழாயும், காயம் தைக்கும் நூலும் செய்கிறார்கள். இந்த நூல் உடம்பில் கரையாது. கிடாரிலும் அப்படியே, சுற்றின்மேல் தோல்போலப் போர்த்திக்கொண்டு வியர்வையை உள்ளே விடாது. விலை சாதாரண செட்டைப்போல் இரண்டு மூன்று மடங்கு. மினுக்கம் தொடக்கத்திலேயே ஒரு மயிரிழை குறைவு. கூர்ந்து கேட்பவருக்குத் தெரியும். கைவிரலுக்கடியில் வழுக்கும். சிலருக்குப் பிடிக்கும், எனக்குச் சோப்புப் போட்ட கையோடு வாசிக்கிற மாதிரி.

இதில் விளம்பரம் சொல்லாத ஒன்று உண்டு. பூச்சு வியர்வையைத் தடுக்கும், காற்று ஈரத்தைத் தடுக்கும். ஃபிரெட் போடும் பள்ளத்தைத் தடுக்காது. பிக் படும் இடத்தில் பூச்சே நைந்து வெள்ளை நூலாகத் தொங்கும். தினமும் மூன்று மணி நேரம் வாசிப்பவர் கம்பியைக் கொல்வது பெரும்பாலும் தேய்மானத்தால். அவருக்குப் பூச்சால் வரும் லாபம் குறைவு. வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் உறையிலிருந்து வெளியே வரும் தேவாலயக் கிடாருக்கோ, மலையடிவார ஈரத்தில் ஆறு நாள் சும்மா கிடப்பதுதான் எமன். பூச்சுக் கம்பி அந்தக் கிடாருக்குத்தான். கடையில் நேர்மாறாகச் சொல்லி விற்பதைப் பார்த்திருக்கிறேன்: நிறைய வாசிக்கிறவருக்கு விலை கூடியது, எப்போதாவது வாசிக்கிறவருக்கு விலை குறைந்தது.

வத்திராயிருப்புப் பக்கத்தில் தென்னந்தோப்புக்கு நடுவே வீடு கட்டியிருக்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் மெல்லிசைக் குழுவில் கிடார். கச்சேரி இல்லாத நாளில் மாடு பார்ப்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் பால் ஊற்றும் எத்தனையோ வீடுகளில் அவர் வீடும் ஒன்று. அவர் கம்பி மாற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பழைய கம்பிகளை ஒரேயடியாகத் தளர்த்த மாட்டார். ஒன்றைக் கழற்றி, புதிதை மாட்டி, பிறகுதான் அடுத்தது. கழுத்து திடீரென்று இழுவை இழந்து நிமிரக் கூடாது என்பார். பாலத்துப் பின்னைப் பிடுங்க ஒரு பழைய கரண்டிக் காம்பு. புதுக்கம்பியின் குண்டு முனைக்கு மேலே சிறிதாக ஒரு வளைவு கொடுத்துத் துளைக்குள் விடுவார். பின்னை அமுக்கிக்கொண்டே கம்பியை மேலே இழுத்தால் உள்ளே பலகையில் குண்டு போய் உட்காரும் சத்தம் கேட்கும். அது கேட்ட பிறகுதான் முடுக்காணிக்குப் போவார். இரண்டு மூன்று சுற்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் கீழ்நோக்கி. நறுக்குவதற்கு முன் கம்பியை மடக்கி ஒரு முறிவு கொடுப்பார். மடக்காமல் நறுக்கினால் சில கம்பிகளில் மேல்சுற்று இழையைவிட்டு நழுவி, முதல் நாளே செத்த ஒலி வரும். கடைசியில் ஒவ்வொரு கம்பியையும் பலகையிலிருந்து மெல்ல இழுத்து நீட்டி, இறங்கிய சுருதியை ஏற்றி, மறுபடி இழுத்து, மறுபடி ஏற்றி.

“மறுபடி பாஸ்பர் பிரான்ஸ்தானாண்ணே?”

“வேறென்ன தம்பி. எய்ட்டி-ட்வென்டி முத நாள் பளபளன்னு கத்தும். நாலாம் கச்சேரிக்குத் தொண்டை கட்டிரும். நமக்குத் தொண்டை கட்டுற ஆள் வேண்டாம், வருஷம் பூரா ஒரே மாதிரி பாடுற ஆள் வேணும்.”

“கோட்டிங் கம்பி?”

“மக வச்சிருக்கா. சர்ச்சுல வாசிக்கிறா. அவளுக்கு அதுதான் சரி. மாசக்கணக்கா வருது.”

ஒன்றாம் கம்பியையும் இரண்டாம் கம்பியையும் அவர் செட்டாக வாங்குவதில்லை. சுற்றில்லாத வெறும் எஃகு அவை. வெள்ளீயம் முலாம் போட்டிருந்தாலும் எளிதில் துருப்பிடிப்பதும் அறுவதும் அவைதான். மதுரைக்குப் போனால் தனிக்கம்பியாகக் கொத்தாக வாங்கி வந்துவிடுவார். சுற்றுக்கம்பி நான்குக்கும் ஓர் ஆயுள், வெறுங்கம்பி இரண்டுக்கும் ஓர் ஆயுள். செட் என்று ஆறையும் ஒரே உறையில் போட்டு விற்பதால் ஆறும் ஒன்றாகச் சாக வேண்டும் என்று விதி இல்லை என்கிறார்.

அவர் பையில் எப்போதும் ஒரு சதுரம் பேண்டேஜ் துணி இருக்கும், சத்திரப்பட்டித் துணி. வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் அந்தத் துணியால் மேலும் கீழும் பிடித்து உருவுவார். வியர்வை காய்வதற்கு முன்னால் செய்ய வேண்டும். இந்த ஒரு வேலை, என் மதிப்பில், எந்தப் பூச்சுக்கும் குறைந்ததில்லை. பழைய சுற்றுக்கம்பிகளை வெந்நீரில் போட்டு எடுக்கும் வழக்கமும் அவரிடம் முன்பு இருந்ததாம். அழுக்கு கரைந்து ஒரு கச்சேரிக்கு உயிர் வரும், பள்ளம் நிரம்பாது. இப்போது செய்வதில்லை.

மினுக்கம் வேண்டியவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் நிலைமை வேறு. இங்கிருந்து மேற்கே தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு, இளையராஜா பிறந்த பண்ணைப்புரம். அவருடைய பாடல்களின் கிடார் ஒலி கேட்டுத்தான் தென்மாவட்டத்தில் ஒரு தலைமுறை கிடாரைத் தொட்டது. 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வுக்கு ஆர். சந்திரசேகர் வாசித்த கிடார், இன்றும் பழகும் பையன்கள் முதலில் முயன்று பாதியில் விடும் வாசிப்பு. அந்த மாதிரி ஒரு பதிவில் ஒவ்வொரு மீட்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். வயலின்களுக்கும் தபேலாவுக்கும் இடையில் நுழைந்து வர வேண்டும். அங்கே புதுக் கம்பிக்கு வேலை இருக்கிறது. ஒரு பாட்டுக்கு ஒரு செட் போட்டு எறிந்தாலும் நியாயம். தோப்பு வீட்டுத் திண்ணையில் ஒற்றைக் கிடார் வாசிப்பவருக்கு அந்த நியாயம் எதற்கு? பதிவில் கேட்ட மினுக்கத்தை வீட்டில் தேடுவதால்தான் பாதிப் பேர் மாதாமாதம் கம்பி மாற்றிக்கொண்டு, கிடார் சரியில்லை என்று புலம்பிக்கொண்டு இருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், அறும்வரை கம்பியை மாற்றவே மாட்டேன் என்கிற கூட்டம். இது சிக்கனம் என்று அவர்கள் நினைப்பு. சீர்கெட்ட கம்பியில் பழகுகிறவருக்குச் சுருதிஞானமே கோணிப்போகும். 12-ஆம் ஃபிரெட் சோதனையில் தோற்ற கம்பி ஒரு பைசா பெறாது, அது பளபளவென்று இருந்தாலும் சரி. பள்ளம் விழுந்த கம்பி ஃபிரெட்டையும் அராவும். ஃபிரெட் மாற்றும் செலவில் எத்தனையோ செட் வாங்கலாம்.

என் தீர்ப்பைக் கேட்டால் சொல்லிவிடுகிறேன். பிளவக்கல் பக்கத்து ஈரத்துக்கும் வெயிலுக்கும் பாஸ்பர் பிரான்ஸ். நல்ல கிடாரென்றால் பன்னிரண்டாம் நம்பர். கம்பி பலகையிலிருந்து உயர்ந்து நிற்கும் மலிவுக் கிடாரென்றால் பதினொன்று போதும், விரலையும் கழுத்தையும் வதைக்க வேண்டாம். தினம் வாசிப்பவருக்குப் பூச்சு வேண்டாம், துணி போதும். எப்போதாவது வாசிப்பவர் பூச்சுக்குக் காசு கொடுக்கலாம். பிரபலப் பெயர்களில் போலி ஏராளம் புழங்குகிறது; பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள், மாட்டியவுடன் 12-ஆம் ஃபிரெட்டில் சோதித்துப் பாருங்கள். வாங்கும்போது பாக்கெட்டைத் திறந்து பார்க்கச் சீவகனுக்கு இருந்த வசதி நமக்கு இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள், அந்த அண்ணன் சொல்லச் சொன்னது. நறுக்கிய கம்பித் துண்டுகளை அவர் ஒரு பவுடர் டப்பாவில் போட்டு மூடி வைக்கிறார். நிரம்பியதும் பழைய இரும்புக்காரரிடம் போகும். காரணம், மாடு புல்லை மென்று பார்த்து விழுங்குவதில்லை, அப்படியே உள்ளே தள்ளும். புல்லோடு போன கம்பித் துண்டு இரைப்பையில் தங்கி, அதைத் துளைத்து, நெஞ்சுப்பக்கம் ஏறினால் மாடு பிழைப்பது கஷ்டம். கால்நடை மருத்துவர்கள் இதை அடிக்கடி பார்க்கிறார்கள். அணைக்குக் கிடாரோடு வருகிற தம்பிகளே, கம்பி அறுந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள், தப்பில்லை. அறுந்ததைத் தோப்பில் எறியாமல் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.